பூவோடு கைமாறிய மாமரம்

நெல்லியடிச் சந்தியில் சேலைக்கடை வைத்திருந்த கனகசபாபதி, வைகாசி பிறந்துவிட்டால் மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு, பின்னேரம்தான் திரும்பத் திறப்பார். வெய்யிலுக்குப் பயந்தல்ல. உச்சி வெய்யிலில் சேலைக்கடைக்கு ஏறுகிற சனம் சேலைக்கு வருகிற சனம் அல்ல, நிழலுக்கு வருகிற சனம் என்பது அவர் கண்டறிந்த உண்மை. அடுக்கில் உள்ளதையெல்லாம் இறக்கி விரிக்கச் சொல்லி, கரையைத் தடவி, தலைப்பைத் தோளிலே போட்டுப் பார்த்து, உடம்பு குளிர்ந்ததும் "பேந்து வாறம் அண்ணை" என்று இறங்கிப் போய்விடும். அந்த நேரத்தில் உடுப்பிட்டி வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தால், சோழகக் காற்று முதுகிலே கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். மிதிக்கக்கூட வேண்டாம், ஏறி இருந்தால் போதும்.

படலைக்கு வருமுன்னமே குசினிக்குள் என்ன நடக்கிறதென்று மூக்குக்குத் தெரிந்துவிடும். தேங்காய்ப்பாலில் மாங்காய் வேகிற மணம் ஒரு மாதிரி. கடுகும் செத்தல் மிளகாயும் வெடிக்கிற எண்ணெய்க்குள் பழுத்த மாம்பழம் இறங்குகிற மணம் வேறு மாதிரி. பனங்கட்டி கரைகிற நாளிலோ அந்த மணம் வேலிக்கு மேலாக எழும்பி, ஒழுங்கை முழுக்கப் படுத்துக் கிடக்கும். கிணற்றடியில் காலைக் கழுவும்போதே கனகசபாபதிக்குக் கண் பாதி சொருகிவிடும். முழத்துக்கு முழம் பேரம் பேசுகிற வியாபாரி சந்தியிலேயே நின்றுவிட்டார். இலைக்கு முன்னால் குந்துகிறவர் வேறு யாரோ. வருடம் முழுவதும் ஊராரோடு மல்லுக்கட்டியவர், இந்த இரண்டு மாதத்து மத்தியானங்களுக்காகத்தான் அதைச் செய்கிறார் என்று சொன்னால்கூடப் பொய்யில்லை.

ஆனால் அந்த வருடம், வெளிநாட்டுச் சேலைக்கு அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்த எழுபதுகளின் அந்த வருடம், படலைக்கு வந்தால் விறகுப் புகை மட்டும்தான் மணத்தது.

அதற்காக மனைவி இராசமலர் அவரைப் பட்டினி போட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாழையிலை விழும். சோறு விழும். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பொரித்த மோர்மிளகாய் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும். பழப்புளி கரைத்த குழம்புகூட இருக்கும். ஆனால் பழப்புளி என்பது பானைக்குள் அடைத்துவைத்து வருடம் முழுக்கத் தின்கிற புளி. வெய்யில்காலத்துக்கென்று ஒரு புளி இருக்கிறதே, பல்லைக் கூசவைத்து, பின் நாக்கை இனிக்கவைத்து, கடைசியில் ஆளையே நித்திரைக்கு இழுத்துக்கொண்டு போகிற புளி, அது இலையில் இல்லை. அது வழக்கமாக விழுகிற மூலையை இராசமலர் தண்ணீர் தெளித்து, கையால் வழித்து, வெறுமையாக விட்டுவிடுவாள். பார்ப்பவர்கள் அங்கே ஏதோ சாமிக்கு ஒதுக்கியிருக்கிறது என்று நினைப்பார்கள்.

"இன்னும் கொஞ்சம் வறை போடட்டோ?" என்று கேட்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. கல்யாணம் முடித்த புதிதில்கூட அவ்வளவு மரியாதை அவருக்குக் கிடைத்ததில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

காரணம் அவருக்குத் தெரியாமலில்லை. காரணத்தை அவரே சால்வைக்குக் கீழே கைபோட்டு முடித்துக்கொண்டு வந்திருந்தார்.

முந்தின வருடம் ஆனி மாதத்தில், வல்வெட்டித்துறை நமசிவாயம் இந்த வீட்டில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டார். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடுகிற வள்ளம் ஒன்றுக்கு நமசிவாயம் சொந்தக்காரர். அவரே அதன் தண்டையலும், அதாவது ஓட்டிக்கொண்டு போகிற தலைவரும். வள்ளத்தில் என்ன வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. வந்தபிறகு என்ன விலை என்றுதான் கேட்பார்கள். அன்றைக்குச் சும்மா கதைத்துப்போக வந்த மனிதனை இராசமலர் இலைக்கு முன்னால் இருத்திவிட்டாள். காரல் மீனும் மாங்காயும் போட்ட சொதி. அம்மியில் அரைத்த மாங்காய்ச் சம்பல். முழு மாம்பழத்தைத் தோலுரித்துக் கொட்டையோடு போட்டு, தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் விட்டுக் காய்ச்சிய குழம்பு. கடைசியில் ஒரு கைப்பிடி சோற்றை எருமைத் தயிரும் மாம்பழமுமாகக் குழைத்து உள்ளங்கையில் உருட்டிவைத்தாள். நமசிவாயம் பேசவில்லை. கடலில் வாயோயாமல் கத்திப் பழகிய மனுசன், கொட்டையைச் சூப்பி முடியும்வரை மூச்சுக்கூடக் கணக்காகத்தான் விட்டார். பிறகு சாய்மனைக் கதிரையில் சரிந்தவர், வெய்யில் தாழ்ந்தபின்தான் எழும்பினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, குசினிக்குப் பின்னால் நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்து, "இதென்ன மரமப்பா!" என்றார்.

குசினியைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மரத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த இடத்தில் தொடங்கியது பிழை.

அது இன்ன சாதி மாமரமென்று ஒருவருக்கும் தெரியாது. இராசமலர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஏதோ ஒரு திருவிழாவில் தின்ற பழத்தின் கொட்டையைக் குசினிக்குப் பின்னால் எறிந்தாள், அது முளைத்துவிட்டது. வீட்டு வளவும் அவளுடையது, சீதன வளவு. கனகசபாபதி மாப்பிள்ளையாக வந்து ஏறியபோது மரம் முதல்தரம் பூத்துக்கொண்டு நின்றது.

இந்த வருடம் மாசி மாதத்தில், மரம் பூவால் மூடிக் கிடந்த நேரம், நமசிவாயம் நெல்லியடிக் கடைக்கு வந்தார். கடதாசியை விரித்து ஒரு காஞ்சிபுரம் சேலையை மேசையில் வைத்தார். அரக்கு நிறம், கிளிப்பச்சைக் கரை. கூப்பனுக்கு அளக்கிற சீத்தைத் துணியையே விற்று விற்றுக் கண் மங்கிப்போயிருந்த கனகசபாபதி அந்தக் கரையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். இதை இராசமலர் உடுத்துக்கொண்டு கோயில் வீதியில் வந்தால் ஊரிலுள்ள பெண்கள் எல்லாம் சாமியை மறந்துவிடுவார்கள் என்று ஒரு கணத்தில் எண்ணிவிட்டார்.

"இதுக்கு என்ன கேக்கிறீர்?" என்றார், அக்கறையில்லாத மாதிரி.

"உங்கடை குசினிக்குப் பின்னாலை நிக்கிற மரம். இந்தப் போகம் காய்க்கிறது முழுக்க எனக்கு" என்றார் நமசிவாயம்.

மாட்டுச் சந்தையில் செய்வதுபோலச் சால்வையைக் கைக்கு மேல் போட்டு, கீழே விரலைப் பிடித்து, பேச்சை முடித்தார்கள். பூவோடு பேசுகிற பேச்சுக்கு ஒரு முறை உண்டு. காற்றில் கொட்டினாலும் வௌவால் தின்றாலும் நட்டம் வாங்கினவருக்கு. விழுகிற பிஞ்சிலிருந்து உச்சிக் கொப்புப் பழம்வரை உரிமையும் வாங்கினவருக்கு. ஒருவர் மற்றவருக்குத் தலையாட்டியபின் அதை மாற்றுகிறவன் பிறகு சந்தையில் தலைகாட்ட முடியாது.

சேலையைக் கொண்டுவந்து நீட்டியபோது இராசமலர் மாவரித்துக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் அரிதட்டை நிறுத்தினாள்.

"ஆரைக் கேட்டனீங்கள்?"

"கேக்கிறதுக்கு என்னப்பா இருக்கு? மரத்துக்கு வாயிருக்கே?" என்று பகிடி விட்டார் கனகசபாபதி.

அவள் மாவுக் கையைத் துடைத்தாள். சேலையை மடிப்புக் கலையாமல் வாங்கினாள். "மரத்துக்கு வாயில்லைத்தான்" என்று சொல்லி, அலுமாரியின் அடித்தட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, திரும்ப மாவரிக்கத் தொடங்கினாள். கோபித்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். கோபத்தை விலைக்கு வாங்கித் திருப்பி விற்கத் தெரிந்த மனுசன் அவர். அவள் கோபிக்கவில்லை.

அதன்பின் அந்தப் பேச்சை அவள் காப்பாற்றிய விதம் இருக்கிறதே, நெல்லியடியில் ஒரு வியாபாரியும் அப்படிக் காப்பாற்றியிருக்கமாட்டான். சோழகத்துக்கு விழுந்த மாம்பிஞ்சைக்கூட அவள் குசினிக்குள் எடுக்கவில்லை. மரத்தடியில் ஒரு பனையோலைக் கடகம் வைத்து, எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டாள். நமசிவாயத்தின் வள்ளத்தில் வேலைசெய்த அருட்பிரகாசம் என்கிற ஆள் கிழமைக்கொருதரம் சாக்கோடு வந்து, மரத்தில் முற்றினதையும் பிடுங்கி, கடகத்தையும் கவிழ்த்துக்கொண்டு போவான். பக்கத்து வீட்டுச் சின்னாச்சி பூசைக்கு நாலு மாவிலை கேட்டு வந்தபோது, "மரம் இப்ப வல்வெட்டித்துறையாற்றை அக்கா, அவரைக் கேக்காமல் நான் எப்பிடித் தாறது?" என்று அனுப்பிவிட்டாள். மரத்தின் நிழலிலே அம்மி கிடந்தது. அதில் இருந்து அரைக்கலாமோ என்று அருட்பிரகாசத்திடம் ஒருநாள் விசாரித்தாளாம். அவன் திகைத்துப்போய், "முதலாளியைக் கேட்டுச் சொல்லுறன் அக்கா" என்று போனவன், அடுத்த கிழமை மறக்காமல் வந்து, "அரைக்கலாமாம்" என்று உத்தரவு கொடுத்தான்.

இதையெல்லாம் கேள்விப்பட்ட கனகசபாபதி முதலில் சிரித்தார். இலையின் மூலை வெறுமையாகவே வர வர, சிரிப்பு நின்றது.

வியாபாரிக்குத் தெரிந்த வழி வியாபாரம்தான். சந்தைக்குப் போய், உள்ளதில் வடிவான கறுத்தக்கொழும்பான் மாம்பழமாகப் பொறுக்கி, பெட்டி நிறையக் கொண்டுவந்தார். இராசமலர் அவற்றைக் கழுவி, துண்டம் துண்டமாக வெட்டி, வெள்ளித் தட்டத்தில் அடுக்கிவைத்தாள்.

"குழம்பு வைக்கேல்லையோ?"

"உது சும்மா தின்னுற பழம். தேனைக் கொண்டுவந்து சீனி போடச் சொன்னால் நான் என்ன செய்யிறது? உதுக்கு என்ரை கை தேவையில்லை" என்றாள்.

தின்றார். இனித்தது. அவ்வளவுதான் செய்தது.

பிறகு சாவகச்சேரிப் பக்கத்தால் பச்சை மாங்காய் எடுப்பித்தார். அதைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னக் கொடுத்தாள். அவர் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரிக் கடித்துக்கொண்டிருக்க, எதிரில் இருந்து விசிறினாள்.

ஒருநாள் மத்தியானம், இனி மானத்தைப் பார்த்துப் பயனில்லை என்று முடிவுசெய்தார். அவள் கிணற்றடிக்குப் போன நேரம், மரத்தடியில் புதிதாக விழுந்து கிடந்த பழம் ஒன்றை எடுத்து வேட்டி மடிக்குள் செருகினார். சொந்த வீட்டு வளவில், சொந்தப் பெண்சாதிக்குப் பயந்து, விற்ற பழத்தைத் திருடுகிற நிலைமை. திரும்பினால் வாளியோடு இராசமலர் நிற்கிறாள்.

"அதைக் கடகத்துக்கை போடுங்கோ" என்றாள் மெல்ல. "பேச்சு பேச்சுத்தானே. நாளைக்கு ஆரும் என்ரை மனுசனைக் கதைக்கக்கூடாது."

போட்டார். பழம் கடகத்தில் விழுந்த சத்தம் அவருடைய நெஞ்சுக்குள் விழுந்தது.

அன்றைக்குச் சாப்பிட்டபின் சாய்மனைக் கதிரையில் சரிந்தார். வெளியே வெய்யில் பால்போலக் கொதித்துப் பொங்கி, பனை வடலிகளின்மேல் வழிந்துகொண்டிருந்தது. காற்று மரத்தைப் பிடித்து உலுப்பியது. பழங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் தூரத்தில் யாரோ கதைப்பது மாதிரிக் கேட்டது. விலை பேசுகிறார்கள் போலும் என்று நினைத்தார். அந்த நினைவோடேயே நெல்லியடிச் சந்தைக்குள் இறங்கிவிட்டார்.

சந்தையில் மனுசர் இல்லை. சட்டிகள் வரிசையாகக் குந்தியிருந்தன. ஒவ்வொரு சட்டியின் வாயிலும் துணி கட்டியிருந்தது. சொதிச் சட்டி மஞ்சள் துணி, குழம்புச் சட்டி சிவப்புத் துணி. "அவிழ்க்காமல் விலை சொல்லும்" என்றது ஒரு சட்டி. கனகசபாபதி கடையில் உள்ள சேலை எல்லாவற்றையும் கொண்டுவந்து குவித்தார். "காணாது" என்றது சட்டி. கடையை எடுத்து வைத்தார். "காணாது." தன்னுடைய பெயரை எடுத்து வைத்தார், மீசையை எடுத்து வைத்தார். சட்டிகள் சிரித்தன, சிரிக்கும்போது துணிகளின் விளிம்பால் ஆவி கசிந்தது. அந்த ஆவியில் கறிவேப்பிலையும் வெந்தயமும் மாம்பழமும் மணத்தன. அப்போது யாரோ எதிரில் வந்து உட்கார்ந்து சால்வையை விரித்தார்கள். முகம் தெரியவில்லை. சால்வைக்குக் கீழே அவர் கையை நீட்டினார். அங்கே இருந்த கை ஈரமாக இருந்தது, தேங்காய்ப்பால் பிழிந்த கை. எத்தனை விரல் நீட்டுகிறது என்று தடவிப் பார்த்தார். அது விரல் நீட்டவில்லை. மூடியபடியே இருந்தது. எவ்வளவு தடவினாலும் திறக்கவில்லை.

"சபாபதியர்! ஓய் சபாபதியர்!"

கண்ணைத் திறந்தார். முற்றத்தில் நமசிவாயம் நின்றார். காலடியில் ஒரு சாக்கு.

"என்ன காணும், நித்திரையோ? ஆளை ஏமாத்திப்போட்டு நல்லா நித்திரை வருகுது என்ன?" என்று சாக்கைக் கவிழ்த்தார். மாம்பழங்கள் முற்றமெங்கும் உருண்டன. குசினிக்குள் இராப் பிட்டுக்குத் தேங்காய் துருவுகிற சத்தம் சரசரவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆர் ஏமாத்தினது? இருந்து கதையும்" என்றார் கனகசபாபதி, அரைத் தூக்கத்தில் வேட்டியை இறுக்கிக்கொண்டு.

"இருக்கமாட்டன். இதென்ன பழம்? முழுக்கத் தும்பு. கடிச்சால் பல்லுக்கை ஒரு கயித்துக் கட்டு. புளியெண்டால் அப்பிடி ஒரு புளி! வள்ளத்திலை பெடியள் ஆளுக்கொண்டு கடிச்சுப்போட்டு மூஞ்சையை வைச்சிருந்த வடிவை நீர் பாத்திருக்கவேணும். பாய் இழுக்கிறவன் பாயை விட்டிட்டான்."

"பழத்தை ஆர் காணும் சும்மா கடிக்கச் சொன்னது? கறிக்கெல்லோ..."

"கறியும் வைச்சாச்சு! என்ரை மனுசி கமலாவதி சொதி வைச்சாள். பால் திரைஞ்சு, சொதி வேறை தண்ணி வேறையாப் போச்சு. குழம்பு வைச்சாள். பனங்கட்டியை அள்ளி அள்ளிப் போட்டும் புளி ஆடேல்லை, அசையேல்லை. கடைசியிலை சட்டியை என்ரை முன்னாலை வைச்சுப்போட்டு, 'சேலையைக் குடுத்து இதையோ வாங்கினனீர்' எண்டு கேட்டாளே ஒரு கேள்வி! மூண்டு நாளா வீட்டிலை அடுப்பில்லை, கடைப் பாணும் பச்சைத் தண்ணியும்தான்."

கனகசபாபதிக்குச் சிரிப்பு வந்தது. மரம் விலைபோய்விட்டது, ருசி போகவில்லை. இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்த ஒன்று அந்த வெய்யிலில் அவருக்குத் துலங்கியது. இரண்டு பழுத்த வியாபாரிகள் சால்வைக்குக் கீழே விரலைப் பிசைந்து பேரம் பேசியது வெறும் விறகைப் பற்றி. சரக்கு வேறிடத்தில் இருந்திருக்கிறது.

"சரி, இப்ப என்ன சொல்லுறீர்?"

நமசிவாயம் சால்வையைத் தோளால் எடுத்தார். குரல் தாழ்ந்தது. கோபம் போய், யாவாரம் வந்தது.

"போன வருசம் நான் இஞ்சை சாப்பிட்டது என்ன, அதைத்தான் வாங்கினன். மரத்தை வைச்சு நான் என்ன செய்ய? மாங்காய் முழுக்க இஞ்சையே கிடக்கட்டும். கிழமைக்கொருக்கால் உங்கடை வீட்டிலை சமைச்சு, அருட்பிரகாசத்தட்டைச் சட்டியைக் குடுத்துவிடும். அந்தச் சொதி, அந்தக் குழம்பு, அந்தத் தயிர்ச் சோறு. போகம் முடியுமட்டும். நீர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். இல்லையோ, சேலையைத் தாரும். உம்மடை கடையிலை 'விற்ற துணி திரும்ப எடுக்கப்படமாட்டாது' எண்டு பலகை போட்டிருக்கிறீர். நெல்லியடி முழுக்கப் போய், இவர் விற்ற மரத்தைத் திரும்ப எடுத்தவர் எண்டு நான் சொல்லத்தான் போறன்."

இப்படி ஒரு பேரம் ஒரு மனுசனுக்கு ஆயுசில் ஒருதரம் வரும். ஒரு சொல்லுச் சொன்னால் மாங்காய் வீட்டுக்கு வருகிறது. சமைக்கிற சட்டியில் பாதி தன் இலைக்கும் வரும். சேலையும் அலுமாரியில் இருக்கும். சந்தையில் பெயரும் கெடாது. கனகசபாபதியின் வாய் தானாகத் திறந்தது. 'அதுக்கென்ன, அனுப்பினால் போச்சு' என்பது நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. வலக்கை நமசிவாயத்தின் சால்வைப் பக்கம் பாதி தூரம் போயும்விட்டது.

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

வேறொன்றும் நடக்கவில்லை. இராசமலர் எட்டிப் பார்க்கவில்லை, இருமவில்லை. சத்தம் நின்றதுதான். காற்றும் அந்த நேரம் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கிடந்த பழங்களில் ஒன்று மட்டும் எந்தக் காரணமுமில்லாமல் இன்னும் கொஞ்சம் உருண்டது.

கனகசபாபதி கையைப் பின்னால் எடுத்தார்.

"நமசிவாயம்," என்றார். தன் குரலே அவருக்குப் புதிதாகக் கேட்டது. "நீர் கேக்கிற சாமான் என்ரை கடையிலை இல்லை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? உள்ளுக்கைதானே இருக்கு."

"உள்ளுக்கை இருக்கு. என்ரையில்லை. மரமும் என்ரையில்லை, நான்தான் வித்துப்போட்டன். ஒருக்கால் செய்தது காணும். இன்னொருக்கால் செய்தனெண்டால் நான் இந்த வீட்டிலை சாப்பிடுவன், ஆனால் பசி அடங்காது. சந்தையிலை நீர் என்னவும் சொல்லும். சமையல் வேணுமெண்டால் அவவைக் கேளும். அவ இல்லையெண்டால் இல்லைத்தான்."

இராசமலர் வாசலுக்கு வந்தாள். புறங்கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. கணவரைப் பார்க்கவில்லை. முற்றத்தில் சிதறிக் கிடந்த பழங்களைப் பார்த்தாள். இரண்டு மாதமாகத் தொடாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வாங்கோ அண்ணை. வெய்யிலுக்கை நிண்டு கத்தாதேங்கோ" என்றாள். "கமலாவதி அக்கா பாவம். இந்தப் புளியை அடக்க எனக்கே வருசக்கணக்கா எடுத்தது."

"அப்ப நீயே சொல்லு தங்கச்சி. என்ன வேணும்? கிழமைக்கொரு சட்டி. நான் இன்னொரு சேலையும் கொண்டுவந்து தாறன். மயில்கழுத்து நிறம். ஊரிலை ஒருத்தியட்டையும் இல்லை."

மயில்கழுத்து நிறம்! கனகசபாபதி வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

இராசமலர் உள்ளே போய், அலுமாரியில் இருந்த பொட்டலத்தைக் கொண்டுவந்து நமசிவாயத்தின் கையில் வைத்தாள்.

"நான் விரிச்சும் பாக்கேல்லை. அக்காட்டைக் குடுங்கோ. பாணும் தண்ணியும் நிப்பாட்டி உங்களுக்குச் சோறு தருவா."

"அப்ப சமையல்?"

"சமையல் விலைக்கில்லை அண்ணை. ஒரு சேலைக்குமில்லை, ரெண்டு சேலைக்குமில்லை. பசிச்சு வந்தால் இலை போடுவம். போன வருசம் போட்டனாங்கள்தானே, அப்ப என்ன கேட்டனாங்கள்?"

நமசிவாயம் பொட்டலத்தைப் பார்த்தார், கனகசபாபதியைப் பார்த்தார். பேரத்தில் தோற்றால் என்ன செய்வது, வென்றால் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியும். இனாமாகக் கிடைக்கிறதற்குச் சால்வைக்குக் கீழே எந்த விரலைப் பிடிப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நமசிவாயம் தலைகுனிந்து, சால்வையைத் திரும்பத் தோளில் போட்டார்.

"ஆனால் ஒண்டு," என்றாள் இராசமலர். "வரேக்கை கையை வீசிக்கொண்டு வராதேங்கோ. கரைவலையிலை நல்ல காரல் பட்டால், பொழுதேறமுன்னம் கொண்டுவாங்கோ. செத்த மீனுக்கு இந்த மாங்காய் போடமாட்டன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கு மட்டும் மீனில்லாமல் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

கனகசபாபதி அவளை வாய்பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவனின் கோபத்தையும் வாங்கி, மரத்தையும் வாங்கி, காரல் மீனுக்கும் வழிபண்ணி, கடைசியில் அவனையே நன்றியோடு குனிய வைத்துவிட்டாள். இப்படி ஒருத்தி வீட்டுக்குள் இருக்க, தான் எந்தத் தைரியத்தில் நெல்லியடியில் மேசைக்குப் பின்னால் இருக்கிறேன் என்று யோசித்தார்.

"பாத்துக்கொண்டு நிக்கிறியளே," என்றாள் அவள், அவரைப் பார்த்து. "பழத்தைப் பொறுக்குங்கோ."

பொறுக்கினார். நமசிவாயமும் குந்தியிருந்து பொறுக்கினார். மரத்தடி அம்மிக்குப் பக்கத்தில் கனகசபாபதிக்கு ஒரு பலகை போடப்பட்டது. தோலுரிக்கிற வேலை அவருக்கு. சேலைக் கரையைத் தடவியே பழகிய விரல்களுக்கிடையில் மாம்பழச் சாறு ஒழுகி, முழங்கை வரைக்கும் இறங்கியது. எறும்பு வந்தது. இலையான் மொய்த்தது. உள்ளே அடுப்பு மூண்டது. முதலில் வெந்தயம் வறுபடுகிற மணம். அதன்மேல் இரண்டாம் பால் ஏறிக் கொதிக்கிற மணம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பழம் பாலுக்குள் கிடந்து தன் புளியை விடுகிறதா பிடிக்கிறதா என்று யோசிக்கிற நேரம் அது. பிறகு பனங்கட்டி விழுந்தது. மணம் வாசலால் வந்து, மூக்கை முகர்ந்து பார்த்து, இவர்தான் ஆள் என்று உறுதிசெய்ததுபோல அவரைச் சுற்றிக்கொண்டது. நமசிவாயம் தூணில் சாய்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் சாப்பிடாமலேயே கண்ணை மூடத் தொடங்கியிருந்தார்.

சாப்பாடு எப்படி இருந்ததென்று எழுதினால் சோறு ஆறிவிடும். நமசிவாயம் சாப்பிட்டார், வழக்கம்போல் பேசவில்லை. கையைக் கழுவியபின் இராசமலரைப் பார்த்து, "தங்கச்சி, அந்த மரத்துக்கும் உனக்கும் என்ன உறவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் வல்வெட்டித்துறை பஸ்ஸுக்கு நடந்தார்.

முற்றத்து வெய்யில் சாய்ந்திருந்தது. கனகசபாபதி தன் கடைசிக் கொட்டையைச் சூப்பிக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்தார். இராசமலர் தன் இலையை எடுத்துக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் குந்தி, சோற்றைக் குழைத்தாள்.

"நீங்கள் வாயைத் துறந்தனீங்கள், நான் கண்டனான்" என்றாள்.

"நீர் உள்ளுக்கையெல்லோ இருந்தனீர்?"

"குசினித் தட்டியிலை ஓட்டை இருக்கு."

அவர் கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துறந்தனான்தான். மூடினதையும் கண்டனீரோ?"

"மூடினபடியால்தான் அடுப்பை மூட்டினன்." ஒரு உருண்டை சோற்றை உருட்டி வாயில் போட்டாள். "மூட எவ்வளவு நேரமப்பா எடுத்தனீங்கள்! தேங்காய்ப் பாதியைப் பிடிச்சுக்கொண்டு எனக்குக் கை விறைச்சுப் போச்சு."

"மயில்கழுத்து நிறமாம்" என்றார் அவர், வானத்தைப் பார்த்து.

"கேட்டது."

"உமக்கு வடிவாயிருந்திருக்கும்."

"இருந்திருக்கும்தான்" என்று ஒத்துக்கொண்டாள். "அடுத்த முறை என்ன விக்கப்போறியள்?"

"உம்மைக் கேட்டுச் சொல்லுறன்."

அவள் சிரித்தபோது, வாய்க்குள் இருந்த சோறு புரைக்கேறிவிட்டது. அவர் உச்சியில் தட்டினார். தட்டின கையில் சாறு காயாமல் இருந்ததால் அவளுடைய தலைமயிர் ஒட்டிக்கொண்டது. "ஐயோ, விடுங்கோ! இனி நான் முழுகவேணும்" என்று அவள் கத்த, அவர் விடாமல் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

நெல்லியடியில் அன்று பின்னேரம் சேலைக்கடை திறக்கவில்லை. நிழல் தேடி வந்த சனம் பூட்டின கதவின் படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, முதலாளிக்கு என்னவோ சுகமில்லைப் போல என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு எழும்பிப் போனது.